எக்சிஃபில் 42 வர வேண்டிய இடத்தில் 10752 வருகிறது, உதவுங்கள்

கேள்வி:
அக்கா கல்யாணத்தில் ஆளாளுக்கு எடுத்த படங்களை ஒரே இடத்தில் கொட்டி, எடுத்த நேரப்படி அடுக்க பைத்தானில் சின்ன நிரல் எழுதுகிறேன். இதற்கு ரெடிமேட் லைப்ரரி இருப்பது தெரியும், பைனரியைக் கையால் படித்துப் பழகத்தான் இந்த வேலை. என் கேமரா படங்கள் ஒழுங்காக வருகின்றன, மாமா போனில் எடுத்தவை மட்டும் தகராறு. எக்சிஃப் (எடுத்த நேரம் போன்ற விவரங்கள் படக் கோப்புக்குள் இருக்கும் பகுதி) தொடக்கத்தில் 42 இருக்க வேண்டும், 10752 என்கிறது. அடுத்து முதல் அட்டவணை இருக்கும் இடம், 8 வருவதற்குப் பதில் 134217728. மொத்தப் படமே 3 எம்பிதான்! பைட்டுகளை எண்ணாக்கும் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் எல்லா இடத்திலும் '<' போட்டிருக்கிறேன். '>' ஆக்கினால் மாமா படம் சரியாகிறது, என் படம் கெடுகிறது. இரண்டு நிரலா வைத்துக்கொள்வது?

பதில் 1:
'<' எடுத்துவிட்டு '=' போடுங்க ப்ரோ, கம்ப்யூட்டருக்கு ஏற்ற வரிசையை அதுவே எடுத்துக்கொள்ளும்.

பதில் 2:
மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். '=' என்பது நிரல் ஓடும் கணினியின் பைட் வரிசை, சாதாரண லேப்டாப்பில் அது லிட்டில் எண்டியன்தான் (எண்ணின் சிறிய பைட் முதலில்), ஆகவே அதே 10752 திரும்ப வரும். வரிசையை முடிவு செய்தது படத்தை எழுதிய கருவி. எதுவுமே போடாமல் விட்டால் இன்னும் மோசம்: 2 பைட் எண்ணும் 4 பைட் எண்ணும் அடுத்தடுத்து வந்தால் நடுவில் இடம் விட்டு 6 பைட்டை 8 ஆக்கிவிடும்.

42-க்கு முன்னால் இருக்கும் இரண்டு பைட்டைப் பார்த்தீர்களா? 73, 73 என்றால் லிட்டில், 77, 77 என்றால் பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில்). ஒரே எழுத்தை இருமுறை எழுதியிருப்பதால் வரிசை தெரியாமலே அதைப் படிக்கலாம், அழகான யோசனை. அதைப் பார்த்து '<' அல்லது '>' ஒன்றை ஒரு மாறியில் வைத்து, ஒவ்வொரு ஃபார்மட் சரத்துக்கும் முன்னால் ஒட்டுங்கள். அப்புறம் 42 வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மாறியை குளோபலாக வைக்காதீர்கள், ஒரு படத்தின் வரிசை அடுத்த படத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஒன்று கவனம்: வெளியே இருக்கும் ஜேபெக் பகுதிகளின் நீளம் எப்போதும் பிக் எண்டியன். அங்கே இந்த மாறியைப் போட்டால் தொலைந்தீர்கள்.

கேட்டவர்:
42 வந்துவிட்டது, நன்றி அண்ணா! ஆனால் படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் 274-ஆம் டேக் (அட்டவணையில் ஒரு விவரத்தின் அடையாள எண்) மாமா படத்தில் 393216 என்கிறது. அது 1 முதல் 8 வரைதானே இருக்க வேண்டும்? என் படங்களில் சரியாக 6 வருகிறது.

பதில் 2:
393216-ஐ 65536-ஆல் வகுத்துப் பாருங்கள், 6 வரும். அட்டவணையில் ஒவ்வொரு வரியும் 12 பைட், கடைசி 4 பைட் மதிப்புக்கு. இந்த டேக் 2 பைட் எண், அந்த நாலில் முதல் இரண்டில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் நாலையும் ஒரே எண்ணாகப் படிக்கிறீர்கள். லிட்டிலில் பின்னால் வரும் பூஜ்யங்கள் பெரிய இலக்கமாக நிற்பதால் தப்பு வெளியே தெரியவில்லை, அதாவது உங்கள் படங்களில் இவ்வளவு நாள் தற்செயலாகத்தான் சரியாக வந்தது. அந்த நாலை வெறும் பைட்டாக எடுத்து வைத்துக்கொண்டு, வகையைப் பார்த்த பிறகு எண்ணாக்குங்கள்.

கேட்டவர்:
நிமிர்ந்துவிட்டது! தேதிக்கும் இதே சிக்கல் வருமா? அப்புறம் மேக்கர் நோட் என்று ஒரு பகுதி, அதையும் படிக்கலாமா?

பதில் 2:
தேதி வெறும் எழுத்து, பூஜ்யத்தோடு 20 பைட், அதைத் திருப்ப வேண்டாம். நாலு பைட்டில் அடங்காததால் அங்கே தேதி எங்கே இருக்கிறது என்ற எண் மட்டும்தான் இருக்கும், அந்த எண்ணுக்குத்தான் வரிசை வேண்டும். அதைக் கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணாதீர்கள், அந்த 73 73 அல்லது 77 77 இருக்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள். மேக்கர் நோட் கேமரா நிறுவனம் தனக்காக எழுதும் பகுதி, அதற்குள் சில கேமராக்கள் தனியாக இன்னொரு தலைப்பும் வரிசையும் வைத்திருக்கும். கல்யாணப் படம் அடுக்க அது எதற்கு, விட்டுவிடுங்கள்.