ஹியூகி கல்லாக்கர்: பெல்ஃபாஸ்டில் 4 கோலா, 5 கோலா?

ஸ்காட்லாந்து கால்பந்து வீரர் ஹியூகி கல்லாக்கரின் ஆட்ட வரலாற்றை அட்டவணையாக்குகிறேன். ஒரே ஒரு கட்டம் நிரம்ப மாட்டேன் என்கிறது.

கிளப் கணக்கில் சிக்கலில்லை. ஏர்ட்ரியோனியன்ஸ், 1925 டிசம்பரில் நியூகாசில், 1930இல் செல்சி, பிறகு டெர்பி. 1926-27இல் நியூகாசில் கேப்டனாக இங்கிலாந்து லீக் பட்டம், 38 ஆட்டங்களில் 36 கோல். ஐந்தரை அடி உயரத்துக்கு இது கொஞ்சம் ஓவர்தான்!

தகராறு ஸ்காட்லாந்து தேசிய அணிக் கணக்கில். 20 ஆட்டம் சரி. கோல் 23ஆ, 24ஆ? வித்தியாசம் 1929 பிப்ரவரி, பெல்ஃபாஸ்ட், அயர்லாந்துடன் 7-3. அதில் அவருக்குச் சிலர் 5 கொடுக்கிறார்கள், சிலர் 4.

புள்ளிவிவரத் தளங்கள், இரண்டு பழைய ஆண்டுமலர்கள் பார்த்தாயிற்று. கிடைத்த நாளிதழ் ஸ்கேனில் கோல் வரிமேலேயே மடிப்பு விழுந்திருக்கிறது.

மறுநாள் வந்த ஆட்டச் செய்தி யாரிடமாவது தெளிவாக இருக்கிறதா?