திரும்பி வந்த படகு பட்டியலிலேயே நிற்கிறது, அவசரம்

முதுநகர்_மாணவன்:
கடலூர் துறைமுகத்தை வைத்து ப்ராஜெக்ட் செய்கிறேன். கடலுக்குப் போன படகுகளை லிஸ்ட்டில் வைத்து, கரை சேர்ந்ததை, ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப் ஓட்டி நீக்குகிறேன். சில படகு திரும்பியும் நீங்கவில்லை. எரர் எதுவும் வரவில்லை. நாளை ரிவியூ, யாராவது சொல்லுங்கள்.

பாகூர்க்காரர்:
எந்த மொழி தம்பி? அரேயா, நீளம் மாறக்கூடிய அரேலிஸ்ட்டா? கோடு போடாமல் எப்படிச் சொல்வது?

வில்லியனூர்_டெவ்:
படகுப் பெயரை == போட்டு ஒப்பிடுகிறாய், அதுதான். ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, ஈக்வல்ஸ் போட வேண்டும். நான் பார்த்த பாதிப் பிழைகள் இதுதான்.

முதுநகர்_மாணவன்:
ஜாவா, அரேலிஸ்ட். பெயரை ஒப்பிடவில்லை அண்ணா, வந்ததா என்று ஒரு பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு) இருக்கிறது.
ஃபார் (இன்ட் ஐ = 0; ஐ < படகுகள்.சைஸ்(); ஐ++)
உள்ளே, வந்திருந்தால் படகுகள்.ரிமூவ்(ஐ). அவ்வளவுதான்.

மூத்த_நிரலர்:
கலெக்‌ஷன்ஸ் பாடத்தை ஒரு தடவை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஐ வைத்து எண்ணுகிற பழக்கத்தை விடுங்கள். இட எண் இல்லாமலே ஒவ்வொன்றாகச் சுற்றும் ஃபார்-ஈச் 2004-லேயே ஜாவா 5-இல் வந்துவிட்டது. அதைப் போடுங்கள்.

முதுநகர்_மாணவன்:
போட்டேன் சார். இப்போது கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் என்று எரர் வருகிறது.

வில்லியனூர்_டெவ்:
கன்கரன்ட் என்றால் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்களின் பிரச்சினை. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடும்படி சிங்க்ரனைஸ்டு போட்டுப் பார்.

நெல்லிக்குப்பம்_அக்கா:
த்ரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஒரே த்ரெட்டிலும் இது வரும். தம்பி, முதல் கோடையே எடுத்துக்கொள். 2-ஆம் இடத்துப் படகையும் 3-ஆம் இடத்துப் படகையும் நீக்க வேண்டும் என்று வை. 2-ஐ நீக்கியதும் பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் முன்னால் நகரும், ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விலகினால் நகர்கிற மாதிரி. 3-இல் இருந்தது 2-க்கு வந்துவிட்டது, ஆனால் இடத்தை எண்ணுகிற ஐ அதற்குள் 3-க்குப் போய்விட்டது. அந்தப் படகை யாருமே பார்க்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு படகு வந்திருந்தால் மட்டும்தான் மாட்டும், அதனால்தான் உனக்கு "சில படகு" என்று தோன்றியது.

ஃபார்-ஈச் உள்ளுக்குள் இட்டரேட்டர்தான், லிஸ்ட்டில் அடுத்தது அடுத்தது என்று எடுத்துத் தருவது. லிஸ்ட் தன்னிடம் எத்தனை முறை சேர்த்தல் நீக்கல் நடந்தது என்று ஒரு எண் வைத்திருக்கும். இட்டரேட்டர் தொடங்கும்போது அதைக் குறித்துக்கொண்டு, அடுத்ததை எடுக்கிற ஒவ்வொரு நெக்ஸ்ட்டிலும் ஒத்துப் பார்க்கும். நீ நேராக லிஸ்ட்டில் நீக்கினால் எண் மாறும், எக்ஸெப்ஷன் விழும். இதிலும் ஒரு ஆபத்து உண்டு: கடைசிக்கு முந்தைய படகை நீக்கினால் எரரே வராது. சைஸும் இட்டரேட்டர் நிற்கிற இடமும் ஒன்றாகிவிடுவதால் லூப் முடிந்தது என்று நினைத்து நின்றுவிடும், கடைசிப் படகைச் சரிபார்க்காது. ஆகவே எரர் வரவில்லை என்பதை நம்பாதே.

ஜாவா 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரே வரி: படகுகள்.ரிமூவ்இஃப்(ப -> ப.வந்ததா()). பழைய பதிப்பு என்றால் இட்டரேட்டரை நீயே எடுத்து அதன் ரிமூவைக் கூப்பிடு, இல்லாவிட்டால் கடைசியிலிருந்து 0 வரை பின்னோக்கி ஓடு.

மூத்த_நிரலர்:
ஃபார்-ஈச் என்று நான் சொன்னது சுற்றி வருவதற்கு. அதற்குள் நீக்கச் சொல்லவில்லை.

பாகூர்க்காரர்:
அவர் கேட்டதே நீக்குவது பற்றித்தானே சார்? சரி, என் கேள்வி வேறு. ஏன் நீக்க வேண்டும்? வந்ததா என்று பூலியன் இருக்கிறதே, வராதவற்றை மட்டும் காட்டினால் போதாதா? எந்தப் படகு எப்போது கரை சேர்ந்தது என்ற பதிவு நாளைக்குத் தேவைப்படும். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டில் உள்ளவர்கள் பார்க்கப் போகிற பட்டியல் இது, அழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூத்த_நிரலர்:
கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு இதெல்லாம் எதற்கு?

பாகூர்க்காரர்:
கல்லூரியில் பழகாமல் எங்கே பழகுவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் போகாது. நாட்டுப்படகு போகும். இவர் விசைப்படகுக்கு மட்டும் லிஸ்ட் வைத்திருந்தால் அந்த 61 நாளும் அது காலி.

நெல்லிக்குப்பம்_அக்கா:
காலி லிஸ்ட்டில் பிரச்சினை இல்லை, லூப் உள்ளேயே போகாது. லிஸ்ட்டே உருவாக்கப்படாமல் நல் ஆக இருந்தால்தான் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும். தம்பி, லிஸ்ட்டை எங்கே நியூ செய்கிறாய்? அதையும் போடு.

முதுநகர்_மாணவன்:
ரிமூவ்இஃப் சரியாக வருகிறது. நன்றி அக்கா.

பாகூர்க்காரர்:
அடுத்தடுத்து இரண்டு படகு வைத்துச் சோதித்தாயா? கடைசி இரண்டையும் வைத்துப் பார்.