தனிப்பயிற்சி வருமானத்தை மாதச் சம்பளம்போல் நிலைபெறச் செய்வது எப்படி?

கேள்வி: நேர்கோடு

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் தனிப்பயிற்சியாகச் சொல்லித்தரத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இப்போது 9 மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் வாரத்தில் இரண்டு முறை படிப்பதால் வாரத்துக்கு 12 மணி நேர வகுப்பு நடக்கிறது. ஐவருக்கு அவர்கள் வீட்டுக்கே சென்று சொல்லித்தருகிறேன், மூவருக்கு இணையவழியில் நடத்துகிறேன், ஒருவர் மட்டும் என் வீட்டுக்கு வருகிறார்.

மாணவர்கள் கிடைப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. வருமானம் நிலையாக இல்லை என்பதுதான் சிக்கல். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் வருகிற அழைப்புகளை மறுக்க வேண்டியிருக்கிறது, தேர்வு முடிந்த மறுவாரமே கைப்பேசி ஓய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு வகுப்பும் முடிந்த பிறகு மணிக்கணக்கில் கட்டணம் பெற்றுக்கொள்கிறேன்; ஆகவே, "இன்று பிறந்தநாள் விழா, நாளை மறுநாள் வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு பெற்றோர் கேட்டால் அந்த மணிக்குரிய பணம் அப்படியே போய்விடுகிறது. ஒரு பகுதிநேர வேலையும் பார்க்கிறேன். அதை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்ய வேண்டுமானால் கட்டணத்தை உயர்த்த வேண்டுமா, மாணவர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா, குழு வகுப்புக்கு மாற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மாலைமணி

பதினோரு ஆண்டுகளாக இதையே தொழிலாகச் செய்து வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகளில் நானும் உங்களைப்போல் கட்டணத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது கட்டணத்தை அல்ல, ஒரு வகுப்பு உங்கள் நாளில் எடுத்துக்கொள்ளும் மொத்த நேரத்தை.

ஒரு மணி நேர வகுப்புக்கு 100 அலகு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் வீட்டுக்குப் போய்வர 50 நிமிடம், பாடத்தைத் தயார் செய்யவும் பெற்றோருக்கு இரண்டு வரி எழுதவும் 20 நிமிடம் என்றால் அந்த 100 அலகுக்கு நீங்கள் கொடுப்பது 130 நிமிடம். உண்மையான மணிக்கூலி 46 தான். அதே வகுப்பை இணையவழியில் நடத்தினால் 80 நிமிடத்தில் முடிந்துவிடும், மணிக்கூலி 75 ஆகும். இணையவழி வகுப்புக்கு 20 அலகு குறைத்து 80 மட்டுமே வாங்கினாலும் மணிக்கு 60 நிற்கிறது. வீட்டுக்குச் செல்லும் வகுப்புகளைக் கைவிடச் சொல்லவில்லை. அவற்றின் கட்டணத்தில் பயண நேரமும் அடங்கியிருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது, ரத்தாகும் வகுப்புகள். உங்கள் 12 மணியில் வாரத்துக்கு 2 மணி ரத்தானால் ஆறில் ஒரு பங்கு வருமானம் போகிறது, மீதமுள்ள 10 மணிக்குக் கட்டணத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தினாலும் பழைய 1200 அலகு திரும்புவதில்லை, 1100 தான் வரும். ஆகவே கட்டணத்தைத் தொடுவதற்கு முன் ரத்துகளைச் சரிசெய்யுங்கள். பெற்றோர் உங்களிடம் வாங்குவது ஒரு மணி நேரப் பாடம் என்ற நினைப்பு இருக்கும்வரை, பாடம் நடக்காதபோது பணம் எதற்கு என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் வாங்குவது செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி என்ற இடத்தை. அந்த இடத்தை அவர்களுக்காக ஒதுக்கிவைத்து, கேட்டு வருகிற வேறொருவரை நீங்கள் திருப்பி அனுப்புகிறீர்கள். இதைச் சேரும் நாளிலேயே பொறுமையாக விளக்கி, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னர் மனக்கசப்பு வருவதில்லை.

நான் கல்வியாண்டில் 40 வகுப்பு என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைப் பத்து மாதத்துக்குச் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் முன்பணமாகப் பெறுகிறேன். ஒரு மாதத்தில் மூன்று வகுப்பு வரும், இன்னொரு மாதத்தில் ஐந்து வரும், தொகை மாறாது. 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் மாற்று வகுப்பு உண்டு, அதற்குப் பிறகு சொன்னால் இல்லை. என் பக்கம் தவறினால் எப்போது தவறினாலும் ஈடுசெய்துவிடுவேன். இந்தக் கடைசி விதியைச் சொல்லிவிட்டால் முதல் இரண்டு விதிகளைப் பெற்றோர் ஏற்றுக்கொள்வது எளிதாகிறது.

கட்டண உயர்வைப் பற்றி ஒன்று மட்டும்: 12 மணிக்கு 100 என்பதை 120 ஆக்கி, அதனால் 2 மணிக்குரிய மாணவர்கள் விலகினாலும் வருமானம் அதே 1200 தான், இரண்டு மணி நேரம் மிச்சம். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் உயர்த்துங்கள், பழையவர்களுக்கு அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் உயர்த்துவதாக இரண்டு மாதம் முன்பே தெரிவியுங்கள்.

குழு வகுப்பு கணக்கில் அழகாக இருக்கும். தலைக்கு 60 என்று மூவரைச் சேர்த்தால் ஒரு மணிக்கு 180 வருகிறது. உங்கள் மாலைப்பொழுதின் நீளம் மாறாது என்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் வருமானம் வளர வேறு வழியும் அதிகம் இல்லை.

பதில்: நான்காம் தந்தி

மாலைமணி அவர்கள் சொன்னவற்றில் முன்பணத்தைப் பற்றிய பகுதியை வரிக்கு வரி ஏற்கிறேன். குழு வகுப்பைப் பற்றி எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. வயலின் சொல்லித்தருகிறேன், பாடம் வேறானாலும் கணக்கு ஒன்றுதான்.

மூவர் கொண்ட குழுவுக்குத் தயாரிப்பு 20 நிமிடத்தில் முடிந்தாலும், மூன்று பேரின் பயிற்சித்தாளைத் தனித்தனியாகத் திருத்தி, மூன்று பெற்றோருக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல இன்னும் 25 நிமிடம் ஆகும். மொத்தம் 105 நிமிடத்துக்கு 180 அலகு என்றால் மணிக்கு ஏறத்தாழ 103. நல்லதுதான். ஆனால் ஒருவர் நின்றுவிட்டால் வருவது 120, வேலை சற்றே குறைந்தாலும் மணிக்கூலி 70-ஐ ஒட்டி வந்து நிற்கும், அதாவது இணையவழியில் ஒருவருக்கே நடத்தும் வகுப்பைவிடக் குறைவு. அது மட்டுமா, மீதி இருவரின் பெற்றோரும் "அந்தப் பிள்ளை ஏன் நின்றது?" என்று யோசிக்கத் தொடங்குவார்கள். குழுவின் நேரத்தை மாற்ற மூன்று குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூவரும் ஒரே பாடத்திட்டத்தில், ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தாலொழிய இதில் இறங்க வேண்டாம். ஒருவர் பின்னத்திலேயே தடுமாறும்போது இன்னொருவர் இருபடிச் சமன்பாட்டில் இருந்தால், இருவருக்குமே அது தனிப்பயிற்சி ஆகாது.

மாலைப்பொழுதின் நீளம் மாறாது என்பது உண்மை. ஆனால் காலையும் நண்பகலும் வெறுமையாகக் கிடக்கின்றனவே! பள்ளிப் பிள்ளைகளை மட்டும் நம்பினால் வாரநாள்களில் பள்ளி விட்டபின் கிடைக்கும் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் நம் தொழில் முழுவதும் அடங்கிவிடும். வேலைக்கான தகுதித்தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்கள், கல்லூரி முதலாண்டு மாணவர்கள், வீட்டிலேயே கல்வி கற்கும் பிள்ளைகள், வேறு நேர வலயத்தில் வாழும் குடும்பங்கள் ஆகியோருக்குப் பகல்நேரம் பொருந்தும். என் மாணவர்களில் பாதிப் பேர் பெரியவர்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து வகுப்புகள் வற்றும் மாதங்களில் அவர்கள்தான் கைகொடுக்கிறார்கள்; நீங்கள் கேட்ட "நிலையான வருமானம்" என்பதற்கு என்னிடம் உள்ள விடையும் அதுவே.

நேர்கோடு

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து என் வாரத்தைக் கணக்கிட்டேன். வீட்டுக்குச் சென்று நடத்துபவை 7 மணி. அதற்கான பயணம் மட்டும் 350 நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்! பயணத்தையும் சேர்த்தால் இந்த வகுப்புகளின் மணிக்கூலி என் பகுதிநேர வேலையில் கிடைப்பதைவிடக் குறைவாக வருகிறது என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

இன்னொரு ஐயம். "மூன்று மாதத்தில் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டுவேன்" என்று உறுதி கொடுத்துச் சிலர் கூடுதல் கட்டணம் பெறுகிறார்கள். பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லலாமா?

பதில்: பக்கக்குறிப்பு

சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. தனிப்பயிற்சியைப் புகழ்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரையை. தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பறையில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என்று அதில் இருக்கிறது. விளம்பரங்களில் விடுபட்டுப்போவது மற்றொரு பகுதி: அந்த மாணவர்களுக்கு இடையிடையே சிறு தேர்வுகள் வைக்கப்பட்டு, தவறியவை உடனுக்குடன் திருத்தப்பட்டு, ஒரு பகுதி கைவந்த பின்னரே அடுத்த பகுதிக்கு நகர்ந்தார்கள். பின்னர், 2011-இல் ஆய்வாளர் குர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மனித ஆசிரியரின் தனிப்பயிற்சிக்குக் கிடைத்த விளைவு 0.79 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு). புளூம் சொன்னது 2 திட்ட விலக்கம். 0.79 என்பதே கல்வியில் பெரிய விளைவுதான். இருந்தாலும் அது பலரின் சராசரி. உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு அதை வைத்து எப்படி உறுதி தர முடியும்? பள்ளியில் நடப்பது, வீட்டுச் சூழல், உடல்நலம், எதுவும் உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பதற்கு உறுதி கொடுங்கள். முதல் வகுப்பில் ஒரு கண்டறிதேர்வு, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே தரத்தில் ஒரு தேர்வு, எந்தெந்த வகைக் கணக்கில் பிழை குறைந்தது என்று அரைப்பக்க அறிக்கை. மூன்று மாதத்தில் இத்தகைய அரைப்பக்கங்கள் மூன்று சேர்ந்தபின், அவற்றைப் பார்க்கும் பெற்றோர் கட்டணத்தைப் பற்றிப் பேரம் பேசுவது அரிது, தங்கள் நண்பர்களிடமும் அவற்றையே காட்டுவார்கள். நமக்குப் புதிய மாணவர்கள் வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான், துண்டறிக்கை அச்சிட்டு அல்ல.

வருமானத்தோடு தொடர்புள்ள மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஒரே நாளில் 90 நிமிடம் படிப்பவரை இரு நாள்களில் 45 நிமிடமாகப் பிரிக்க முடியுமானால் பிரியுங்கள். நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் வெளியிட்ட முடிவுகளில், ஒரே மூச்சில் 68 முறை திருப்பிப் படித்ததன் பயன், மூன்று நாள்களுக்குப் பரப்பி 38 முறை படித்தபோதே கிடைத்துவிட்டது. இணையவழி மாணவர்களுக்கு இப்படிப் பிரிப்பதால் உங்களுக்குப் பயணச் செலவும் இல்லை. வீட்டுக்குச் செல்லும் மாணவர்களிடம் இதை முயன்றுவிடாதீர்கள், பயணம் இரட்டிப்பாகிவிடும்.

பதில்: அரைநாள் விடுப்பு

வேலையை விடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்புகள் நிறைந்த மாதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆண்டின் 52 வாரத்தில் பள்ளி விடுமுறை, தேர்வுவாரங்கள், உங்கள் காய்ச்சல், உறவினர் வீட்டு நிகழ்ச்சி எல்லாம் போக 40 வாரமே வகுப்பு நடக்கும் என்று கொண்டு, அந்தத் தொகையை 12-ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைப்பதிலிருந்து வரிக்கும், புத்தகம், இணையம், கணினி ஆகியவற்றுக்கும் தனியே எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் சம்பளம். தனியாகத் தொழில் செய்பவருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு கிடையாது. மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு சேரும்வரை பகுதிநேர வேலையில் நீடிப்பது நல்லது.

பணத்தைப் பற்றியது அல்லாத ஒன்றையும் எழுதிவைக்கிறேன். சிறுவர்களுக்குச் சொல்லித்தரும்போது பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், இணையவழி வகுப்பின் இணைப்பு பெற்றோரின் கணக்குக்கே அனுப்பப்பட வேண்டும் என்பவற்றையும் நிபந்தனைத்தாளில் சேருங்கள். பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

நேர்கோடு

நிபந்தனைத்தாளின் முதல் வரைவை இன்று எழுதிவிட்டேன். அடுத்த கல்வியாண்டிலிருந்து மாத முன்பணம். வீட்டுக்குச் செல்லும் ஐவரில் தொலைவில் இருக்கும் இருவரிடம் இணையவழிக்கு மாற முடியுமா என்று இந்த வாரமே கேட்கப்போகிறேன், மாட்டோம் என்றால் பயணத்தைச் சேர்த்த புதிய கட்டணத்தைச் சொல்வேன். குழு வகுப்பை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். நான்காம் தந்தி அவர்களிடம் ஒரு கேள்வி: பெரியவர்களான மாணவர்களிடமும் பத்து மாத முன்பண முறைதானா, அல்லது அவர்களுக்கு வேறு ஏற்பாடா?

நான்காம் தந்தி

வேறு ஏற்பாடுதான். பெரியவர்களுக்குப் பணிச்சுமை எப்போது கூடும் என்று அவர்களுக்கே தெரியாது, பத்து மாதம் என்றால் தயங்கிவிடுவார்கள். எட்டு வகுப்பு கொண்ட தொகுப்பாக முன்பணம் பெற்றுக்கொண்டு, பன்னிரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற ஒரே விதியை வைத்திருக்கிறேன். ஆறாவது வகுப்பின் முடிவில் அடுத்த தொகுப்பைப் பற்றிக் கேட்டுவிடுவேன். எட்டாவதற்குப் பிறகு கேட்டால் "சற்று இடைவெளி விட்டு வருகிறேன்" என்ற பதில்தான் வருகிறது.