நானோபாடி நிக்கல் பிசினில் ஒட்ட மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் நானோபாடி ஒட்டகத்திலிருந்து எடுத்த விஎச்எச் (எதிர்ப்பொருளில் இலக்கைப் பிடிக்கும் சிறு துண்டு), 15 கிலோடால்டன், சி முனையில் நிக்கலைப் பிடிக்க 6 ஹிஸ்டிடின் கொண்ட வால். உற்பத்தி டபிள்யூகே6 என்ற ஈ.கோலை பாக்டீரியா வகையில்: புரத உற்பத்தியைத் தூண்ட 1 மில்லிமோலார் ஐபிடிஜி, 28 டிகிரி, இரவு முழுக்க. சுக்ரோஸ்-ஈடிடிஏ அதிர்ச்சியில் பெரிபிளாசத்திலிருந்து (பாக்டீரியாவின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பகுதி) புரதம் நன்றாகவே வெளிவருகிறது. ஜெல்லில் பட்டை தெளிவு. நிக்கல் பிசினில் ஏற்றினால்தான் பெரும்பகுதி ஒட்டாமல் வழிந்துவிடுகிறது.

உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ பிசினிலிருந்து நிக்கலை உரிக்கும் என்பதால், அதைக் கட்டிப்போட 2 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு சேர்த்தோம். பிசினின் நீலம் வெளுப்பது நின்றது, ஒட்டுதல் கூடவில்லை. புரத மடிப்பை அவிழ்க்கும் 6 மோலார் யூரியாவில் மட்டும் ஒட்டுகிறது. ஆக, வால் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. மடிப்பைப் பிணைக்கும் டைசல்பைடு பிணைப்பு யூரியாவில் குலையாததால் மறுமடிப்பு முடியும்தான். ஆனாலும் சிகிச்சைக்காக ஆராயும் மூலக்கூறை அப்படி வதைக்க மனமில்லை.

வாலுக்கு முன் கிளைசின்-செரின் இணைப்பு எவ்வளவு நீளம் வைக்கிறீர்கள்? புரோட்டீன்-ஏ (எதிர்ப்பொருள்களைப் பிடிக்கும் பாக்டீரியாப் புரதம்) பிசினில் விஎச்எச் பிடித்தவர்கள், பிஎச் 3-இல் இறக்கும்போது திரளாமல் எப்படிக் காத்தீர்கள்?