பரீட்சை மண்டபத்தில் விசேட தேவையுடைய பிள்ளைகள்: நோக்குநர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

வினா: வலிகாமத்து ஆசிரியை

வணக்கம். நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் நோக்குநராக இதற்கு முன்பு இரண்டு தடவை கடமையாற்றியிருக்கிறேன். இம்முறை எங்கள் நிலையத்துக்கு விசேட தேவையுடைய பரீட்சார்த்திகள் மூவர் வருகிறார்கள் என்றும், அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட அறையில் என்னை நிறுத்தப்போவதாகவும் மேற்பார்வையாளர் கூறியிருக்கிறார். ஒரு மாணவிக்குப் பார்வை இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு உதவியாளர் ஒருவர் உடன் இருப்பார். ஒரு மாணவர் செவிப்புலன் கருவி அணிபவர். மூன்றாமவருக்கு ஓட்டிசம் உண்டு.

விதிமுறைகளை மேற்பார்வையாளர் விளக்குவார்; நான் கேட்பது அவற்றைப் பற்றியதன்று. சென்ற ஆண்டு ஒரு தவணைப் பரீட்சையின்போது, பார்வையற்ற மாணவி ஒருவரின் அருகில் நின்றுகொண்டு, அவருக்கு எழுதிக்கொடுக்க வந்த பிள்ளையிடம், “இவவுக்குத் தண்ணி வேணுமோ?” என்று கேட்டுவிட்டேன். “ரீச்சர், எனக்குக் காது கேக்கும்” என்று அந்த மாணவி அமைதியாகச் சொன்னார். அன்று எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை. உதவி செய்ய முற்படுவது எப்போது அவமதிப்பாக மாறுகிறது என்பதையும், இப்பிள்ளைகளோடு எப்படிப் பேசிப் பழக வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், சாவகச்சேரி

ஆசிரியைக்கு வணக்கம். பேச்சுமுறைக்கு வருமுன் ஒரு விடயத்தை இன்றே உங்கள் மேற்பார்வையாளரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். விடையை வாயால் சொல்லி எழுதுவிக்கும் மாணவியும் மற்ற இருவரும் ஒரே அறையில் இருத்தல் ஆகாது. அவர் சொல்லும் ஒவ்வொரு விடையும் மற்றவர்களின் காதில் விழும் என்பதோடு, தமது விடையைப் பிறர் கேட்கிறார்கள் என்ற எண்ணத்தில் அவர் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த உதவியாளர் எழுதுவதிலும் பிழை கூடும். பக்கத்து வகுப்பறை ஒன்றைத் திறப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. முதல்நாளே கேட்டால் கிடைக்கும், பரீட்சை தொடங்கிய பின் கேட்டால் கிடைக்காது.

செவிப்புலன் கருவி அணிந்த பிள்ளையிடம் உரத்துப் பேசாதீர்கள். கருவி ஒலியை ஏற்கெனவே பெருக்கித்தான் கொடுக்கிறது. நாம் கத்தும்போது ஒலி சிதைவதோடு வாயின் வடிவமும் கோணுகிறது. யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருளாகத் தெரியும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, அவருக்கு நேரே நின்று பேசுங்கள். உதட்டசைவை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. பாலையும் மாலையும் உதட்டில் ஒன்றுதான். ஆகவே சொல்ல வேண்டியதைக் கரும்பலகையில் எழுதிவிடுவதே பிழையற்ற வழி. “இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது” என்ற அறிவித்தலையும், வினாத்தாளில் திருத்தம் ஏதும் வந்தால் அதையும் கட்டாயம் எழுத வேண்டும். எனது காலத்தில் ஒரு நிலையத்தில் கணித வினாத்தாளில் வந்த ஒரு திருத்தத்தை வாயால் மட்டும் அறிவித்தார்கள். செவிப்புலன் குறைந்த ஒரு பிள்ளை பிழையான இலக்கத்தை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் போராடியதை மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அருகில் சென்று ஒரு கடதாசியில் எழுதிக் காட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த எங்களில் நானும் ஒருவன்.

மறுமொழி 2: பார்வையற்ற ஆசிரியர், சுன்னாகம்

நானும் உதவியாளரின் கையால் பரீட்சைகள் எழுதி வந்தவன் என்பதால் சிறிது விரிவாக எழுதுகிறேன்; பொறுத்தருள்க.

அறைக்குள் வந்ததும் உங்கள் பெயரையும் நீங்கள்தான் நோக்குநர் என்பதையும் மாணவியிடம் நேரே சொல்லுங்கள். வெளியே போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். ஆளில்லாத கதிரையோடு பேசிக்கொண்டிருந்த அனுபவம் எங்களில் அநேகருக்கு உண்டு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல், உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளும்படி கையைக் கொடுத்து, அரையடி முன்னே நடவுங்கள். மேசையில் எது எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பிறகு அவரிடம் சொல்லாமல் எதையும் நகர்த்த வேண்டாம். எங்கள் ஊரில் “நீர்” என்றொரு அழகான சொல் இருக்கிறது. ஏனைய மாணவர்களை “நீர்” என்று அழைப்பீர்களாயின் அவரையும் அவ்வாறே அழையுங்கள். அவருக்கு மட்டும் குரலைக் குழைத்து “என்ர குஞ்சு” என்று ஆரம்பிக்க வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அது இடைஞ்சல்.

உதவியாளர் விடயத்தில் நோக்குநர்கள் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். சாதாரண தரத்தின் பல்தேர்வு வினாவில் நான்கு விடைகளையும் ஒரே வேகத்தில், ஒரே தொனியில் வாசிக்க வேண்டும்; சரியான விடையில் குரல் சற்று நின்றாலே போதும், அது சொல்லிக்கொடுத்ததாகிவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. நான் சொன்னதைச் சுருக்கி எழுதிய உதவியாளரும், “இது தேவையில்லை” என்று ஒரு வசனத்தையே விட்டுவிட்டவரும் எனக்கு வாய்த்திருக்கிறார்கள். எழுதியதை மாணவி திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னால் உடனே வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைக் கண்டு நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது. (சுளித்தால் தெரியாது என்று நினைக்க வேண்டாம்; பெருமூச்சு கேட்கும்.) தமிழ்ப் பாடத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ணகர னகரங்களும் பலருக்கு அப்படித்தான். “வாழை” என்று மாணவி சொன்னதை உதவியாளர் “வாளை” என்று எழுதினால், எழுத்துப் பிழை யாருடைய கணக்கில் சேரும்? ஐயம் வரும்போது “எந்த எழுத்து?” என்று உதவியாளர் கேட்கலாமா, மாணவி எழுத்துக்கூட்டிச் சொல்லலாமா என்பதை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பிரெயில் தாளில் வாசிப்பவராக இருந்தால் இதையும் கவனியுங்கள். ஆறு புள்ளிகளைக் கொண்ட கட்டங்களை விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும். “கோ” என்ற ஓரெழுத்துக்குக்கூட இரண்டு கட்டங்கள் வேண்டும். கண் ஒரே வீச்சில் பந்தியின் நடுவுக்குத் தாவுவதைப்போல விரல் தாவாது. கிரகித்தல் வினாவுக்கு விடை தேடும் பிள்ளை, பந்தியை மறுபடியும் தொடக்கத்திலிருந்து தடவிக்கொண்டு வருவார். தடவிக்கொண்டிருக்கிறாரே, விடை தெரியாமல் திண்டாடுகிறார் போலும் என்று இரங்கி அருகில் வந்து நிற்காதீர்கள்.

மறுமொழி 3: ஒரு வாசகர், நல்லூர்

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் இப்பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் கொடுப்பது ஏனைய பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்று சில பெற்றோர் கேட்கும்போது என்ன சொல்வது?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், சாவகச்சேரி

அந்த மேலதிக நேரம் நோக்குநர் இரங்கிக் கொடுப்பதன்று. முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற்று வருவது. நோக்குநர் தன் விருப்பத்துக்கு ஒரு நிமிடம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. அவர்களின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியும் இருக்கிறது. பெற்றோருக்குச் சட்டம் சொல்லிப் பயனில்லை என்றால், மேலே ஆசிரியர் எழுதிய விரல் கணக்கைச் சொல்லுங்கள். நான் கண்ட அநீதி வேறு. மற்றவர்களின் நேரம் முடிந்ததும் கதிரைகளை இழுத்து, விடைத்தாள்களைச் சத்தமாக எண்ணி, வாசலில் நின்று கதைத்து, மேலதிக நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கடைசி வினாவை நாங்களே கெடுத்துவிடுவோம்.

மறுமொழி 5: ஒரு தாய், கோண்டாவில்

என் மகனுக்கு ஓட்டிசம் உண்டு. அவர் பரீட்சை எழுதிய அனுபவத்தைச் சொல்கிறேன்.

அடையாளத்தைச் சரிபார்ப்பதற்காக வந்த நோக்குநர், “பேனையைக் கீழே வையும்” என்றார். மகன் குனிந்து பேனையை நிலத்தில் வைத்தார். குறும்பு செய்கிறார் என்று நினைத்த அந்த ஆசிரியர் கடிந்துகொண்டு போய்விட்டார். திரும்ப எடுக்கும்படி ஒருவரும் சொல்லாதபடியால், மகன் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை அவர் எனக்கு ஒரு முறைப்பாடாகக்கூடச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆகவே ரீச்சர், சொல்வதைச் சொல்லின் பொருளிலேயே சொல்லுங்கள். “பேனையை மேசையில் வையும், நான் பார்த்து முடித்ததும் எடுத்து எழுதும்” என்றால் போதும். “கொஞ்சம் பொறும்” என்பது அவருக்கு விளங்காது. “ஒன்பது மணிக்குத் தொடங்கும்” என்பது விளங்கும்.

அவர் எழுதும்போது முன்னும் பின்னும் அசைவார். யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பார். சில வேளை காதைப் பொத்துவார். அது களவும் அன்று, குழப்படியும் அன்று. உங்கள் முகத்தைப் பார்த்து மறுமொழி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோளில் தட்டி ஆறுதல் சொல்ல வேண்டாம். திடீரென்று தொட்டால் அவருக்குத் தீச்சுட்டதுபோல இருக்கும். பதற்றம் கூடினால் சத்தத்தைக் குறைத்து, கேள்விகளை நிறுத்தி, சற்றுத் தள்ளி நின்றாலே அநேகமாக அடங்கிவிடும். இயலுமானால் முதல்நாள் பின்னேரம் அறையையும் கதிரையையும் கழிப்பறைக்குப் போகும் வழியையும் அவருக்குக் காட்டிவிடுங்கள். பழுதடைந்த மின்விசிறி கிறீச்சிட்டால் நிறுத்திவிடுங்கள். கோயில் ஒலிபெருக்கியை என்ன செய்வது என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வினா எழுப்பியவர்: வலிகாமத்து ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மேற்பார்வையாளரிடம் பேசினேன், எழுதுவிக்கும் மாணவிக்குத் தனி வகுப்பறை ஒதுக்கச் சம்மதித்துவிட்டார். எழுத்துக்கூட்டுவது பற்றிய கேள்வியை அவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஓட்டிசம் உள்ள மாணவரையும் தாயாரையும் முதல்நாள் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். நான் வழக்கமாகச் சொல்லும் வசனங்களை ஒரு கொப்பியில் எழுதி ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறேன். “பேனையைக் கீழே வையுங்கோ” அதில் முதலாவதாக இருந்தது. பாடசாலைக்குப் பின்னால் உள்ள கோயிலின் தர்மகர்த்தா சபையாரைச் சந்தித்தபோது, பரீட்சை நாட்களில் காலையில் ஒலிபெருக்கியை நிறுத்த முடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். பின்னர், பாடசாலைப் பக்கம் பார்த்திருக்கும் இரண்டு புனல்களை மட்டும் கழற்றிவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு ஒருவர் வருவார்.