யுகே மாணவர் விசா: கைரேகை, இனிஷியல், பிஆர்பி கார்டு, ஏஜென்ட் இமெயில் – எதை நம்புவது?

கோவில்பட்டிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் தொடங்கும் எம்எஸ்சி படிப்புக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்திருக்கிறது. காஸ் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருகிற சேர்க்கை உறுதிச் சான்று) இந்த வாரம் வந்துவிடும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற முதல் ஆள் நான்தான், அதனால் வீட்டில் கேட்க ஆள் இல்லை, யூட்யூபில் தேடினால் ஒரு வீடியோ சொல்வதை இன்னொன்று மறுக்கிறது.

முதலில் பயோமெட்ரிக், அதாவது விசா மையத்தில் கைரேகையும் போட்டோவும் கொடுப்பது. இதற்குச் சென்னை போக வேண்டும் என்பது தெரியும். ஆனால் ரேஷன் கடை மெஷினில் எனக்கு ரேகை ஒழுங்காக விழுந்ததே இல்லை, ஆதார் எடுத்தபோதும் ரொம்ப நேரம் பிடித்தது. விசா மையத்திலும் இப்படி ஆனால் விண்ணப்பத்தையே நிராகரித்துவிடுவார்களா? அதோடு ஜூலையில் அக்காவுக்குக் கல்யாணம், அதை ஒட்டித்தான் தேதி கிடைக்கும் போலிருக்கிறது. மருதாணிக் கையோடு போகக் கூடாது என்கிறாள் தோழி. கூடப் பிறந்தவள் கல்யாணத்தில் வெறுங்கையோடு நிற்க மனம் வரவில்லை. நிஜமாகவே தடை இருக்கிறதா?

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் என் பெயரும், குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரும் முழுதாக இருக்கின்றன. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றிலும் இனிஷியல் மட்டும்தான். கெஜட்டில் பெயர் மாற்றம் போட்டே ஆக வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்கிறார் ஏஜென்ட்.

பிஆர்பி கார்டு (அங்கே தங்க அனுமதி உண்டு என்று காட்டுகிற அட்டை) பற்றியும் குழப்பம். அங்கே போனதும் போஸ்ட் ஆபீஸில் வாங்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், இப்போது கார்டே கிடையாது என்று வேறு சிலர். கார்டும் இல்லை, பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரும் இல்லை என்றால் நான் எதைக் காட்டி விமானம் ஏறுவேன்?

கடைசியாக ஒன்று. ஏஜென்ட் ஆபீஸில் அவர்களுடைய இமெயில், அவர்களுடைய போன் நம்பர் போட்டுத்தான் விண்ணப்பிப்பார்களாம், எல்லோருக்கும் அப்படித்தானாம். ஆதார் நகலும் கட்டாயம் என்றார்கள். சரிதானா?


பர்மிங்காம்வாசி:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். ஏஜென்ட்டின் இமெயிலையும் நம்பரையும் போட விடவே விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பிஆர்பி கார்டு 2008-இல் வந்தது, 2024 அக்டோபர் கடைசியோடு புதிதாக அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கையில் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் பெரும்பாலும் 2024 டிசம்பர் 31 என்றுதான் காலாவதித் தேதி போட்டிருந்தது. ஆகவே போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நிற்பதைக் காட்டும் வீடியோ எதுவானாலும் அது பழையது, மூடிவிடுங்கள். அதன் பிறகும் கொஞ்ச காலம் பாஸ்போர்ட்டில் 90 நாள் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலை 15 முதல், மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கிற முதன்மை விண்ணப்பதாரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஸ்டிக்கரும் இல்லை. இ-விசா மட்டும்தான். அதாவது உங்கள் அனுமதி என்பது உள்துறை அலுவலகத்தின் கணினியில் இருக்கிற ஒரு பதிவு. அதைப் பார்ப்பதற்கான வாசல்தான் யுகேவிஐ (யுகே விசா, குடியேற்றத் துறை) ஆன்லைன் கணக்கு.

அந்தக் கணக்கில் நுழைய மூன்று விஷயம் வேண்டும்: பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பிறகு போனுக்கோ இமெயிலுக்கோ வருகிற ஒரு குறியீடு. அந்தப் போனும் இமெயிலும் ஏஜென்ட்டுடையதாக இருந்தால் என்ன ஆகும்? இங்கே பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும்போது ஷேர் கோடு (உங்கள் அனுமதியை அவர்கள் ஆன்லைனில் சரிபார்க்க அந்தக் கணக்கிலிருந்து எடுத்துத் தருகிற குறியீடு) கேட்பார்கள், பகுதி நேர வேலை கொடுப்பவர் கேட்பார், வீடு வாடகைக்குக் கொடுப்பவர் கேட்பார். ஒவ்வொரு முறையும் கோவில்பட்டிக்குப் போன் போட்டு, அந்த ஆபீஸில் யாராவது எடுத்து, வந்த எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் கடையை மூடிவிட்டால்? கட்டணப் பாக்கி என்று சொல்லி எண்ணைத் தர மறுத்தால்? என்னோடு தங்கியிருக்கிற பையன் ஒருவன் இந்தச் சிக்கலில் மாட்டி, வேலைக்குச் சேர வேண்டிய நாளில் ஷேர் கோடு எடுக்க முடியாமல் நின்றான். விண்ணப்பத்தை அவர்களே நிரப்பட்டும், அதில் தப்பில்லை. இமெயிலும் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அதுவும் கல்லூரி கொடுத்த இமெயில் வேண்டாம், படிப்பு முடிந்ததும் அதை அடைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, இங்கே வந்ததும் புது சிம் வாங்கிவிட்டு இந்திய சிம்மைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். முதலில் கணக்கில் எண்ணை மாற்றுங்கள், அப்புறம் சிம்மைப் பற்றி யோசிக்கலாம்.


முத்துநகர் அக்கா:

மேலே தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் கைரேகை பற்றிச் சொல்கிறேன், கவனமாகப் படிம்மா.

ரேஷன் கடையில் விழவில்லை என்பதை வைத்துப் பயப்படவே வேண்டாம். இரண்டும் வேறு வேறு வேலை. ரேஷன் கடை மெஷின் சின்னது, ஒரு விரலை வைத்து, ஆதாரில் ஏற்கெனவே இருக்கிற ரேகையோடு அந்த நிமிஷமே ஒத்துப் போக வேண்டும், இல்லையென்றால் அரிசி கிடையாது. விசா மையத்தில் நீ புதிதாகப் பதிவு செய்கிறாய், ஒத்துப் பார்க்க வேண்டியதில்லை. இடது கை நான்கு விரல், வலது கை நான்கு விரல், அப்புறம் இரண்டு கட்டைவிரலும் கண்ணாடிமேல் வைக்கச் சொல்வார்கள். தெளிவாக வராவிட்டால் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொல்வார்கள். விரல் வறண்டிருப்பதும் ரொம்ப வியர்த்திருப்பதும்தான் பெரும்பாலும் காரணம். முந்தின சில நாள் பாத்திரம் தேய்க்கிற வேலை, சோப்புப் பவுடர் எல்லாம் தவிர்த்து, ராத்திரி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். ஆனால் போகிற அன்று காலையில் நன்றாகக் கழுவிவிட்டுப் போ, எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தால் கண்ணாடியில் தீற்றல்தான் விழும். உடல்நிலை காரணமாக ரேகையே எடுக்க முடியாதவர்களுக்கு விலக்கும் இருக்கிறது, அவர்களிடம் போட்டோ மட்டும் எடுப்பார்கள். ஆக ரேகை மங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் நிராகரிப்பதில்லை.

மருதாணி விஷயத்தில் தோழி சொன்னது சரிதான். விரல் நுனியில் மருதாணி, வெட்டுக்காயம், வேறு அடையாளம் எதுவும் இல்லாமல் வரச் சொல்லித்தான் விண்ணப்பதாரர்களுக்கான குறிப்பில் இருக்கிறது. அதுவும் நம் ஊரில் இலை அரைத்து விரல் நுனி முழுக்கத் தொப்பி போட்ட மாதிரி வைப்போமே, அது ரேகை இருக்கிற இடத்திலேயே அடர்த்தியாகச் சிவந்து தோல் உரிகிற வரைக்கும் நிற்கும். முடிந்தால் கல்யாணத்துக்கு முன்னாலேயே தேதி எடுத்துவிடு, அதுதான் சுலபம், முடித்துவிட்டு வந்து முழங்கை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். தேதி பின்னால்தான் கிடைக்கிறது என்றால் உள்ளங்கையிலும் புறங்கையிலும் வைத்துக்கொண்டு முதல் கணு தாண்டி விரல் நுனிகளை மட்டும் விட்டுவிடச் சொல். அக்கா கல்யாணத்தில் வெறுங்கையோடு நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

போட்டோவும் அங்கேயே எடுப்பார்கள், ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. பயோமெட்ரிக்குக்கு என்று தனிக் கட்டணமும் கிடையாது. 2025 ஏப்ரலில் மாணவர் விசாக் கட்டணத்தை 524 பவுண்டு ஆக்கினார்கள், அங்கே அரசு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் தனி. நீ கட்டுகிற நாளில் அரசாங்கத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள், அடிக்கடி ஏற்றுகிறார்கள். மையத்தில் லவுஞ்ச், எஸ்எம்எஸ், ஸ்கேன் செய்து தருவது என்று ஒவ்வொன்றுக்கும் பணம் கேட்பார்கள், அதெல்லாம் நம் விருப்பம்தான். ஆவணங்களை வீட்டிலிருந்தே நீயே ஏற்றிவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.


சான்றிதழ்சாமி:

இனிஷியல் விஷயத்துக்கு வருகிறேன், பல வருஷமாக இந்த மாதிரி தாள்களைப் பார்க்கிற வேலையில் இருப்பதால் சொல்கிறேன். கெஜட் வேண்டாம். உங்கள் பெயர் மாறவே இல்லையே, எதை மாற்ற கெஜட்? பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கிற அப்பா பெயரின் முதல் எழுத்துதான் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கதை இதுதான், யுகே பல்கலைக்கழகங்கள் இதை வருஷா வருஷம் பார்க்கின்றன.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. காஸில் இருக்கிற பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றும் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா என்று வரைவு வந்ததும் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே பல்கலைக்கழகத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள், பணம் கட்டி அனுப்பிய பிறகு திருத்துவது பெரும்பாடு. டிபி (காசநோய் இல்லை என்கிற) சான்றிதழிலும் அதே பெயர் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு அது கட்டாயம், அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில் எடுத்தது மட்டும்தான் செல்லும், ஆறு மாதம் வரை செல்லுபடி. விண்ணப்பத்தில் வேறு பெயரால் அறியப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும், அங்கே இனிஷியலோடு சேர்ந்த பெயரை எழுதிவிடலாம்.

இடிக்கக்கூடிய ஒரு இடம் இருக்கிறது, அதைப் பற்றி ஏஜென்ட்கள் பேசுவதே இல்லை. பணம் அப்பா கணக்கில் இருந்தால் உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்துக்கூட்டல், ஒன்றில் தாத்தாவின் இனிஷியல், இன்னொன்றில் அது இல்லை என்று இருக்கும். கெஜட்டுக்குக் கொடுக்கிற பணத்தையும் நேரத்தையும் இதைச் சரி பார்க்கச் செலவழியுங்கள். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் வேண்டும் என்றால் நகராட்சியில் இன்றே மனு கொடுங்கள், நாள் ஆகும்.

ஆதார் கட்டாயம் இல்லை. இந்த விசாவுக்கு அடையாள ஆவணம் பாஸ்போர்ட்தான். ஆதார் ரேகையை யுகே எடுத்துப் பார்க்குமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆதார் சட்டம் 2016, பிரிவு 29-இன்படி அந்த ரேகையையும் கருவிழிப் பதிவையும் எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் பகிரக் கூடாது. ஊரெல்லாம் நகல் கொடுத்து வைக்காதீர்கள்.


கரிசல்பையன்:

இடையில் என் சந்தேகமும். சென்ற வருஷம் கனடாவுக்குப் போட்டேன், ரேகை கொடுத்தேன், விசா கிடைக்கவில்லை. இப்போது யுகேக்குப் போடுகிறேன். கனடா ரேகை பத்து வருஷம் செல்லும் என்றார்களே, திரும்பக் கொடுக்க வேண்டுமா? நிராகரித்ததைச் சொல்ல வேண்டாம், வேறு நாடுதானே, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்கிறார் என் கன்சல்டன்ட். பாஸ்போர்ட்டும் புதுசு, சிப் வைத்த இ-பாஸ்போர்ட்.


பர்மிங்காம்வாசி:

தம்பி, தயவுசெய்து அந்த ஆள் சொல்வதைக் கேட்காதே. கனடாவில் 85 டாலர் கட்டிக் கொடுத்த ரேகை பத்து வருஷம் செல்லும் என்பது கனடா விண்ணப்பங்களுக்கு மட்டும். யுகேக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். இ-பாஸ்போர்ட் இருப்பதால் கைரேகையிலிருந்து விலக்கு எதுவும் இல்லை, நீயும் மையத்துக்குப் போகத்தான் வேண்டும்.

மறைப்பது பற்றி: யுகே, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவலையும் ரேகையையும் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கிற ஏற்பாடு வைத்திருக்கின்றன. புது பாஸ்போர்ட் எடுத்தாலும் விரல் அதேதான். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று விண்ணப்பத்தில் நேரடியாகவே கேட்கிறார்கள். ஆம் என்று எழுதி, தேதியும் காரணமும் சொல்லி, இப்போது நிலைமை என்ன என்று விளக்கினால் அந்த மறுப்பு ஒன்றும் பெரிய தடை இல்லை. பொய் சொல்லி மாட்டினால் ஏமாற்றியதாகக் கணக்கு, பத்து வருஷம் வரைக்கும் தடை விழும். கையெழுத்துப் போடுகிறவன் நீ, தடை விழுவதும் உன் பெயரில்தான். கன்சல்டன்ட் அடுத்த பையனைப் பார்க்கப் போய்விடுவார்.


கோவில்பட்டிக்காரி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முத்துநகர் அக்கா, சொன்னபடியே ஜூன் கடைசியில் தேதி பார்க்கிறேன். அண்ணா, ஏஜென்ட்டிடம் இமெயிலை மாற்றச் சொல்லிவிட்டேன், முதலில் முணுமுணுத்தார், பிறகு சரி என்றார். விமான நிலையத்தில் என்ன காட்டுவது, அங்கே போன பிறகு வங்கி, வாடகை இதற்கெல்லாம் கையில் ஒரு கார்டும் இல்லாமல் எப்படி என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.


லீட்ஸ் குறிஞ்சி:

போன செப்டம்பரில் வந்தவள், அதனால் இது புதுசாகவே நினைவிருக்கிறது. விமான நிறுவனம் உங்கள் பாஸ்போர்ட்டை வைத்து உள்துறை அலுவலகத்தின் பதிவைச் சரிபார்க்கும். ஆகவே கணக்கில் இணைத்த பாஸ்போர்ட்டும் கையில் கொண்டுபோகிற பாஸ்போர்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்தால் கணக்கிலும் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இருந்தாலும் விசா முடிவுக் கடிதத்தையும் இ-விசா பக்கத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், செக்-இன் கவுண்டரில் இருப்பவர் குழம்பினால் உதவும். அதில் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று இருக்கும், அதற்கு முன்னால் டிக்கெட் போடாதீர்கள். படிப்பு ஆறு மாதத்துக்கு மேல் என்றால் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வரலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தானியங்கிக் கதவு கிடையாது, அதிகாரி இருக்கிற வரிசைதான். காஸ், டிபி சான்றிதழ் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

இங்கே வந்த பிறகு ஷேர் கோடுதான் எல்லாவற்றுக்கும். வேலைக்கு என்று எடுத்தால் டபிள்யூவில் தொடங்கும், வாடகைக்கு ஆரில், மற்றதற்கு எஸ்ஸில். மாற்றிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ஒரு கோடு 90 நாள் செல்லும், முடிந்தால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. வங்கிக்குப் பாஸ்போர்ட்டும், பல்கலைக்கழகம் தருகிற முகவரிக் கடிதமும் பெரும்பாலும் போதும்.

தினமும் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய எனக்குப் பயமாக இருந்தது. வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும் பழகுநர் உரிமத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், 34 பவுண்டு, போட்டோவும் முகவரியும் உள்ள கார்டு வீட்டுக்கே தபாலில் வரும். வயது கேட்கிற இடங்களில், பார்சல் வாங்குகிற இடத்தில் நான் அதைத்தான் காட்டுகிறேன். ஆனால் அது விசாவுக்கு ஆதாரம் ஆகாது.

ஏஜென்ட் சரி என்று சொன்னதோடு விடாதீர்கள். சமர்ப்பிக்கும் முன் முழு விண்ணப்பத்தையும் பிடிஎஃப் ஆக வாங்கி, இமெயிலும் போன் எண்ணும் இருக்கிற பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்கு அப்புறம் பணம் கட்டச் சொல்லுங்கள்.