கல்லூரி மாணவர்களைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வைப்பது எப்படி?

காரைக்குடி வாத்தியார்:
வணக்கம். இங்கே ஒரு கலைக்கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வைக்க ஆசை. பாதிப் பேர் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். சொந்த ஊரைப் பற்றி விடாமல் பேசுவார்கள், எழுதச் சொன்னால் மட்டும் "மார்க் உண்டா சார்?" என்கிறார்கள். ஆளுக்கொரு புதுக்கட்டுரை என்று அசைன்மென்ட் கொடுத்துவிடலாமா?

தேவகோட்டை நூலகி:
தம்பி, ஆளுக்கொரு கட்டுரை மட்டும் வேண்டாம். கடைசி நாள் ராத்திரி எங்கிருந்தாவது வெட்டி ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் ஆங்கிலக் கட்டுரையை எந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே இறக்குவார்கள். மறுநாளே நீக்கப்படும். முதல் கட்டுரை காணாமல் போன பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. நூலகத்தில் இருந்த காலத்தில் இதைக் கண்ணால் பார்த்து மனசு நொந்திருக்கிறேன்.

மார்க் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சான்று தேடியதற்குக் கொடுங்கள். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்துக் கோயில்கள் ஒன்பது இருக்கின்றன: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஆளுக்கொரு கோயில் பிரித்துக் கொடுத்து, அந்தக் கட்டுரையை வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வரிக்குச் சான்று இல்லை? அதை எந்தப் புத்தகம் சொல்கிறது, எந்தப் பக்கத்தில்? ஒரே ஒரு வரிக்கு மேற்கோள் சேர்த்தால் போதும், அது முழு வேலை. சேமித்த உடனே பக்க வரலாற்றில் தன் பயனர்பெயரைப் பார்க்கிற பிள்ளை அடுத்த வரிக்குத் தானே போகும்.

உங்கள் வகுப்பில், பூப்போட்ட தரை ஓடுகள் செய்யும் ஆத்தங்குடியிலிருந்து வரும் பிள்ளை இருந்தால் அதிர்ஷ்டம். "எங்க அப்பா சொன்னார்" என்பது விக்கிப்பீடியாவுக்குச் சான்று ஆகாது. ஆனால் ஓடு செய்வதைப் படம் எடுக்கத் தடையில்லை. கண்ணாடி மேல் சட்டத்தை வைப்பது, பூ அச்சுக்குள் நிறக்கலவையை ஊற்றுவது, அச்சைத் தூக்கியதும் அந்தக் கலவைமேல் மணலும் சிமென்ட்டும் போட்டு மட்டம் பண்ணுவது, காய்ந்தபின் தண்ணீரில் ஊறப்போடுவது, கண்ணாடி பட்ட முகம் பளபளவென்று கழன்று வருவது என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம். பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுத்து, விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் எல்லா மொழி விக்கிப்பீடியாவும் எடுத்துக்கொள்ளும். வாட்ஸாப்பில் வந்த படத்தைப் போடக் கூடாது என்பதை முதல் நாளே அடித்துச் சொல்லுங்கள்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனுஷராகச் சேர்த்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. அந்த மண்ணுப் பிள்ளைகள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

விக்கிப் பயனர்:
அக்கா சொன்னதே சரி. நடைமுறை விஷயம் ஒன்று. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குகள்தான் தொடங்க முடியும். கல்லூரி வைஃபையில் மொத்த வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்தால் ஏழாவது ஆளிலிருந்து தடுத்துவிடும். வீட்டிலேயே மொபைல் டேட்டாவில் தொடங்கி வரச் சொல்லுங்கள். வகுப்பு நடக்கும் தேதியை முன்கூட்டியே ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) சொல்லிவைத்தால் பழைய பயனர்கள் கவனித்துக்கொள்வார்கள், புதியவர்களின் தொகுப்பை அவசரப்பட்டு நீக்கவும் மாட்டார்கள். முதல் வகுப்பு மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கான பக்கம்) மட்டும் நடக்கட்டும்.

காரைக்குடி வாத்தியார்:
அக்கா, ரொம்ப நன்றி. கோயில்களைப் பிரித்துக் கொடுத்துத் தொடங்குகிறேன். இன்னொரு சந்தேகம். சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்க மாணவிகள் சிலர் தயங்குகிறார்கள். வீட்டில் கேள்வி வருமாம்.

விக்கிப் பயனர்:
புனைபெயர் போதும் சார். போன் நம்பர் கேட்காது. மின்னஞ்சலும் கட்டாயமில்லை, ஆனால் கடவுச்சொல் மறந்தால் மீட்க அது ஒன்றுதான் வழி, அதனால் கொடுத்து வைப்பது நல்லது. பயனர் பக்கத்தில் கல்லூரி, ஊர் விவரம் போடவேண்டிய அவசியமும் இல்லை.